ஆயிரத்து நூற்று நாற்பது

மகனுக்கு முதல் பல் முளைத்த வாரம்
தபாலில் வந்தது அறிக்கை.
ஒரே பக்கம். மேலே என் பெயர்,
நோல்ஃபா பாரியா, வயது முப்பத்தொன்று.
கீழே:
பெறப்பட்டது கருப்பை. எடை 1140 கிராம்.
நஞ்சுக்கொடி சுவருக்குள் ஊடுருவியுள்ளது.
அடியில் யாரோ ஒருவரின் அவசரக் கையெழுத்து.

மடித்துச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.
விறகடுப்பில் கெண்டி கொதித்துக்கொண்டே இருந்தது.

அந்த இரவு எனக்குத் துண்டுதுண்டாகத்தான்.
லெமுய்த் தீவிலிருந்து கடைசிப் படகு,
படகுக்குள் ஆம்புலன்ஸ்,
ஆம்புலன்ஸுக்குள் நான்,
எனக்குள் அவன்.
பொம்மைக்குள் பொம்மை மாதிரி
ஒன்றாகத்தான் ஆடினோம் அலையில்.
காஸ்த்ரோவில் வெள்ளை விளக்கு.
எண்ணச் சொன்னார்கள். ஏழு வரை எண்ணினேன்.
எட்டு இன்னும் பாக்கி இருக்கிறது.

மிச்சமெல்லாம் எலிசெயோ சொன்னது,
ஒரே ஒரு முறை, தன் பூட்ஸைப் பார்த்தபடி.
சால்மன் பண்ணையிலிருந்து அப்படியே ஓடி வந்தானாம்.
படிவத்தில் ஒரு செதில் ஒட்டிக்கொண்டதாம்.
துடைக்க நேரமில்லை.
செதிலோடு சேர்த்துத்தான்
என்னை அறுக்கச் சம்மதம் தந்தான்.

முதல் பத்து மணி நேரம்
அமாரோ யாருடைய பிள்ளை?
இவன் சட்டையைக் கழற்றி நெஞ்சில் கிடத்திக்கொண்டானாம்,
மீன் வாசம் போகவில்லையே என்று அழுதபடி.
பால் எனக்கு ஐந்தாம் நாள்தான் ஊறியது,
வழி கேட்டுக் கேட்டு வந்த விருந்தாளி போல.

பதினோரு பை ரத்தம்.
பதினோரு பேரும் யாரென்று தெரியாது.
சந்தையில் கடற்பாசி விற்பவள் இருமினால்
என் தொண்டை அரிக்கிறது.
பேருந்தில் ஒருவன் காரணமில்லாமல் முறைத்தால்,
இருக்கட்டும், நீயாகவும் இருக்கலாம்
என்று இடம் விடுகிறேன்.
எத்தனை வீட்டார் குடியேறிவிட்டார்கள் எனக்குள்!
ஒரு குழந்தைக்குத்தான் இனி அறை இல்லை.

அதிர்ஷ்டக்காரி என்கிறார்கள்.
ஆமாம் என்கிறேன்.
தும்மல் வந்தால் தலையணையைத் தேடுகிறேன்.
தொப்புளுக்குக் கீழே ஒரு சாண் தோல்
என் விரலையே அடையாளம் காண்பதில்லை.
அடுத்தது பெண்ணாகப் பெற்றுக்கொள் என்று
நாத்தனார் உவானா பின்னிக்கொண்டே சொன்னாள்.
கம்பளி நூல் இளஞ்சிவப்பு.
எலிசெயோ எழுந்து போய்,
ஏற்கனவே பிளந்த விறகை மறுபடியும் பிளந்தான்.

குளியலறை அலமாரியில் நாப்கின் பொட்டலம் ஒன்று,
கர்ப்பத்துக்கு முன்னால் வாங்கியது.
தூக்கிப் போட மனம் வரவில்லை. யாருக்கும் தரவும் இல்லை.
ஜூன் மழையில் ஜன்னல் ஒழுகியபோது
ஒன்றைப் பிரித்துச் சட்டத்தின் கீழே வைத்தேன்.
நன்றாக உறிஞ்சியது.
அன்றைக்குச் சிரித்தேன், தையல் வலிக்கச் சிரித்தேன்,
அப்புறம் அதே மூச்சில் வேறேதோ ஆகி
தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சனிக்கிழமை ஓதிலியாவின் கடையில்
ஊதா உருளைக்கிழங்கைத் தராசில் வைத்தேன், ஒவ்வொன்றாக.
“ஒரு கிலோதானே?”
“இல்லை, இன்னும் கொஞ்சம்.”
பெரியதை எடுத்தேன், சின்னதைப் போட்டேன்,
மண்ணைத் தட்டிவிட்டேன், மறுபடி வைத்தேன்.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.
முள் சரியாக வந்து நின்றதும்
பையை வாங்கி இடக்கையில் ஏந்திக்கொண்டேன்.

இவ்வளவுதானா.
இவ்வளவா.

வலது இடுப்பில் அமாரோ, ஏழரைக் கிலோ,
என் காதணியைக் கடிக்கப் பார்க்கிறான்.
படகுத்துறைச் சரிவில்
ஒரு பக்கமாகச் சாய்ந்தே நடந்தேன்.
இரண்டையும் கீழே வைக்கவில்லை.

இரவில் எலிசெயோ கிழங்குரிக்க உட்கார்ந்தான்.
நேற்று வாங்கியதே கூடையில் கிடக்க
இது எதற்கென்று அவன் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
கத்தியை மட்டும் அவன் கையிலிருந்து வாங்கினேன்.
அறுக்க வேண்டாம், என்றேன்.
தோலோடு வேகட்டும்.